வங்குரோத்தான சுரங்கமும் அரசின் கடமையும்

1957ஆம் ஆண்டை இரண்டு நிகழ்ச்சிகளுக்காகத் திருகோணமலை மக்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திற் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இத்துறைமுகத்தின்மீது பறந்த அந்நியக் கொடி இறங்கியது. அதே ஆண்டில், துறைமுகத்துக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள புல்மோட்டைக் கரையின் கருமணலை எடுத்துப் பயன்படுத்துவதற்கெனக் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. கடலும் கரையும் நாட்டுக்கு மீண்ட ஆண்டு அது எனலாம்.

ஆனால், மீட்ட பொருளை எப்படிப் பேணுவது என்னும் கேள்வி, மீட்ட நாளின் ஆரவாரத்தில் அமுங்கிவிடுவது உலக வழக்கம். அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2022இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று இலங்கை அரசாங்கமே அறிவித்தது. நாடே வங்குரோத்தாயிற்று. அன்றுமுதல், அரசுக்குச் சொந்தமான தொழில்களை விற்றுவிட்டாற் சுமை குறையும் என்னும் குரல் ஓங்கி ஒலிக்கின்றது. புல்மோட்டைத் தொழில் வங்குரோத்தாகிவிட்டது என்று நாம் கூறவரவில்லை. ஆயினும், ஒரு சுரங்கத் தொழில் கடனில் மூழ்குமானால் அரசு என்ன செய்யவேண்டும், யாருக்காகச் செய்யவேண்டும் என்பதைக் கடன்காரன் வாசலில் வந்து நிற்கும் நாளுக்கு முன்னரே சிந்தித்து வைத்துக்கொள்வது நன்று. அந்த நாளிற் சிந்திக்க அவகாசம் இராது. கையெழுத்திட மட்டுமே அவகாசம் இருக்கும்.

இது பொருளியல் அறிஞர்களுக்குரிய கேள்வி என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்று கேட்கும் எந்தக் கேள்வியும் அறத்தின்பாற்பட்டதே.

முதலில், சுரங்கம் ஏனைய தொழில்களைப் போன்றதன்று என்பதை மனங்கொள்ள வேண்டும். நெசவாலை ஒன்று நட்டத்தில் மூடப்பட்டால், தறிகளை வேறொருவர் வாங்கி நாளை மீண்டும் ஓட்டலாம்; பருத்தி அடுத்த பருவத்திலும் விளையும். நிலத்தடியிலிருந்து எடுத்த பொன்னோ செம்போ மீண்டும் விளைவதில்லை. ஆகவே, ஒரு சுரங்கம் என்றோ ஒருநாள் மூடப்படும் என்பது அதைத் தோண்டத் தொடங்கும் முதல் நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முடிவுக்காக ஒரு காசும் ஒதுக்கிவைக்காமல், கொழுத்த ஆண்டுகளின் இலாபத்தையெல்லாம் பங்கிட்டுக்கொண்டு, மெலிந்த ஆண்டில் “எம்மிடம் ஒன்றுமில்லை” என்று கைவிரிப்பதைத்தான் கணக்கேடுகள் வங்குரோத்து என்று எழுதுகின்றன. இதற்கு விபத்து என்று பெயர் சூட்டுவது பொருந்துமா?

கடன் தீர்க்கும் வரிசையைப் பாருங்கள். ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கி முன்னணியில் நிற்கின்றது. வரிப்பாக்கியும் தொழிலாளியின் சம்பளப் பாக்கியும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. நுரையீரலிற் கற்றூள் படிந்த முன்னாட் தொழிலாளி அந்த வரிசையில் எங்கே நிற்கின்றான்? கழிவு கலந்த ஓடையில் நீர் அள்ளும் பெண் எங்கே நிற்கின்றாள்? தோண்டிப் புண்ணாக்கப்பட்ட நிலத்துக்கு வழக்கறிஞர் யார்? கடன்காரர் பட்டியலில் இவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதேயில்லை. சுரங்கத்துக்கு மிக நீண்டகாலம் கடன் கொடுத்தவர்களோ இவர்கள்தாம்.

இந்த இடத்தில் இரண்டு விடைகள் வழக்கமாகக் கூறப்படுவதுண்டு. “நட்டப்பட்ட தொழில் சாகட்டும்; அதைத் தாங்க அரசுக்கு வேலையில்லை” என்பது சந்தையை வணங்குவோரின் விடை. “அரசு அதைப் பொறுப்பேற்கட்டும், எல்லாம் சரியாகிவிடும்” என்பது மற்றது. முற்போக்காளராகிய நாம் இரண்டாவது விடையை உடனே கைதட்டி வரவேற்கப் பழகியவர்கள். அந்தக் கைதட்டலை ஒரு கணம் நிறுத்தி, தமிழ்த் தொழிலாளரின் வியர்வையில் வளர்ந்த ஒரு சுரங்கத்தின் கதையைப் பார்ப்போம். கடலுக்கு அப்பால், கருநாடகத்திலுள்ள கோலார் தங்கவயலின் கதை அது.

1880ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜோன் டெய்லர் கம்பனி அங்கே நிர்வாகத்தை ஏற்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நிலமற்ற மக்கள் அங்கே சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள். கிராமத்தில் மேற்சாதியாரின் தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்த மனிதன், மூன்று கிலோமீற்றருக்கும் கீழே பூமியின் வயிற்றுக்குள் இறங்கினான். அங்கே பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியசைத் தாண்டியது. பாறைகள் வெடித்துச் சிதறி உயிர்களைக் குடித்தன. 1902இல் சிவனசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துத் தெருக்கள் மின்னொளி காண்பதற்கு முன்னரே சுரங்க இயந்திரங்கள் அந்த மின்சாரத்தில் ஓடின. தொழிலாளரின் விரல்ரேகையைப் பதியும் விதியை எதிர்த்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1946இன் போராட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்கு உயிர்களைப் பறிகொடுத்தனர். சுமார் நூற்றிருபது ஆண்டுகளில் அவர்கள் வெளிக்கொணர்ந்த பொன் ஏறக்குறைய எண்ணூறு தொன்.

அரசு எப்போது வந்தது? 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைப் பொறுப்பேற்றது. 1962இல் அவை இந்திய மத்திய அரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்னும் அரசுக் கம்பனி உருவாயிற்று. அப்போதும் அந்த மாற்றம் முற்போக்கானதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். செழுமையான தாது பெருமளவில் எடுக்கப்பட்டாயிற்று. அதன் இலாபம் முக்கால் நூற்றாண்டுக்காலம் கப்பலேறிப் போயிற்று. அரசின் கைக்கு வந்தவை ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டு போன குழிகளும், தொன் ஒன்றுக்கு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு போன பொன்னும், முதுமையும் நோயும் எய்திய ஒரு தொழிலாளர் பரம்பரையுமே. முதலாளி இலாபத்தோடு போனான். அரசு நட்டத்தோடு குடும்பம் நடத்த வந்தது.

இன்னுமொன்று. அரசுடைமையான பின்னர் பல்லாண்டுகளாக அங்கே எடுக்கப்பட்ட பொன்னை, உள்நாட்டுச் சந்தை விலையைவிடக் குறைந்த சர்வதேச உத்தியோகபூர்வ விலைக்கே அரசு எடுத்துக்கொண்டது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை வலுப்படுத்த அந்தப் பொன் உதவியது. அதிலே தவறொன்றுமில்லை, நாட்டுக்குத் தேவை இருந்தது. ஆனால் அந்த வித்தியாசத்தைச் சுரங்கத்தின் கணக்கில் நட்டமாகவே எழுதினார்கள். நாட்டுக்காக விட்டுக்கொடுத்த தொகையைத் தொழிலாளியின் திறமைக்குறைவு என்று பின்வந்தோர் படித்தார்கள். 1992இல் கம்பனி நோயுற்ற நிறுவனங்களுக்கான சபையின் முன் கொண்டுசெல்லப்பட்டது. 2001ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசி நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 2013இல் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆயினும் ஆழச் சுரங்கங்களில் மீண்டும் கூண்டு இறங்கவில்லை. அவற்றில் நீர் நிரம்பிக் கிடக்கின்றது. தங்கவயலின் மைந்தர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகின்றனர், இரவிலே திரும்புகின்றனர்.

ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கின்றன, பொன் பிரித்த பின் கொட்டிய கழிவுமண் மேடுகள். மக்கள் அவற்றைச் சயனைட் மலைகள் என்பர். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வந்து படியும். அந்த மேடுகளிலும் சிறிதளவு பொன் எஞ்சியிருக்கின்றது என்று கணக்கிட்டு, அவற்றை மீண்டும் அலசியெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இற் கருநாடக அரசு இணக்கந் தெரிவித்தது. நூறாண்டாகத் தூளைச் சுவாசித்தவர்களுக்கு அந்தப் பொன்னில் எத்தனை பங்கு என்பதே இப்போது கேட்கவேண்டிய கேள்வி.

அரசுடைமை மட்டும் அறத்துக்கு உத்தரவாதமாகாது என்பதற்கு உலகில் இதைவிடக் கொடிய சாட்சியும் உண்டு. பிரித்தானியாவிலே தொழிற்கட்சி அரசாங்கம் 1947இல் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1966இல் வேல்சிலுள்ள அபர்வான் கிராமத்தின் பாடசாலைமீது சுரங்கக் கழிவுமேடு சரிந்து வீழ்ந்தது. 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் மாண்டனர். எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கென, துயருற்ற மக்களுக்காக உலகோர் அனுப்பிய நிதியிலிருந்தே ஒன்றரை இலட்சம் பவுண் எடுக்கப்பட்டது. மூன்று தசாப்தங்களுக்குப் பின்னர், 1997இலே அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. அங்கே உடைமையாளர் ஒரு கோடீசுவரர் அல்லர். பொதுமக்களின் பெயரால் இயங்கிய ஒரு சபை. பெயர்ப்பலகை மாறியது, கணக்கு எழுதும் முறை மாறவில்லை.

“அப்படியானால் தனியாரிடமே விட்டுவிட்டு, அவர்கள் தவறும்போது அரசு தலையிட்டாற் போதாதா?” என்று கேட்கலாம். அதற்கும் ஓர் உதாரணம் ஆபிரிக்காவில் உண்டு. சாம்பியா தன் செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கி, செம்பின் விலை வீழ்ந்தபோது கடனில் மூழ்கி, இறுதியில் அவற்றை விற்றது. கொங்கோலாச் சுரங்கத்தின் பெரும்பங்கு 2004இல் வேதாந்தாக் கம்பனியின் கைக்குப் போயிற்று. அந்தப் பெயர் தமிழருக்குப் புதியதன்று. தூத்துக்குடியின் ஸ்டெர்லைட் ஆலை அவர்களுடையதே. அந்த ஆலையை எதிர்த்த மக்கள்மீது 2018 மே மாதத்திற் பொலிசார் சுட்டதிற் பதின்மூன்று உயிர்கள் போயின. 2019 மே மாதத்திற் சாம்பியா அரசாங்கம் கொங்கோலாக் கம்பனியைக் கலைக்குமாறு நீதிமன்றத்தை நாடி, அதனைத் தற்காலிகப் பொறுப்பாளர் ஒருவரின்கீழ்க் கொண்டுவந்தது. அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2024இற் சுரங்கம் மீண்டும் அதே வேதாந்தாவின் கைக்கே திரும்பியது. அரசின் தலையீடு ஒரு வட்டமிட்டுத் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. ஓடை நஞ்சானது என்று முறையிட்ட சிங்கோலாக் கிராமத்தவரோ தம் வழக்கைக் கேட்பிக்க இலண்டன் வரை போகவேண்டியிருந்தது.

இந்த மூன்று கதைகளிலும் ஒரே பிழை நடந்திருக்கின்றது. கம்பனி, சுரங்கம், மக்கள் என்னும் மூன்றையும் ஒன்றெனக் கொண்டு, “காப்பாற்றுவதா, கைவிடுவதா?” என்ற ஒரே வினாவை எழுப்பினார்கள். அவை மூன்றும் வேறு. கம்பனி சட்டம் படைத்த ஓர் உருவம். அது இறக்கலாம், அதற்காகக் கண்ணீர் வேண்டாம். சுரங்கம் நிலத்தின் ஒரு பகுதி. அது எந்தக் கம்பனியோடும் இறப்பதில்லை, பின்வருவோருக்கும் அது இருக்கும். மக்களோ இறக்கவிடத் தகாதவர்கள். கம்பனியைக் காப்பதற்காகப் பொதுப்பணத்தைக் கொட்டி, மக்களைக் கைவிட்ட அரசுகள் உண்டு. கம்பனியைக் கைவிடும்போது மக்களையும் சேர்த்துக் கைவிட்ட அரசுகளும் உண்டு. கம்பனியை மூடிவிட்டு, மக்களை முழுமையாகக் காத்த அரசைத்தான் நாம் தேடவேண்டியிருக்கின்றது.

அரசு எந்த உரிமையோடு இதிலே தலையிடுகின்றது என்பதற்கு நமது நாட்டிலேயே நல்லதொரு விளக்கம் கிடைத்திருக்கின்றது. அதிலே திருகோணமலைக்கும் பங்குண்டு. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையிலுள்ள பொசுபேற்றுப் படிவை அமெரிக்கக் கம்பனிகளுக்குக் கொடுக்க ஓர் உடன்படிக்கை தொண்ணூறுகளில் வரையப்பட்டது. அங்கே தோண்டி, திருகோணமலையில் அமையும் ஆலையில் உரமாக்கி ஏற்றுமதி செய்வது திட்டம். சில தசாப்தங்களுக்குள் அந்த வளம் தீர்ந்துபோகும் என்ற அச்சம் எழுந்தது. எப்பாவலை விவசாயிகளும் ஒரு பிக்குவும் வழக்குத் தொடுத்தனர். 2000ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. இயற்கை வளங்களை அரசு தன் விருப்பப்படி விற்றுத் தீர்க்கும் உடைமையாளன் அன்று. இன்றுள்ளோருக்காகவும் இனிப் பிறப்போருக்காகவும் அவற்றைப் பேணும் காப்பாளன் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

காப்பாளன் என்னும் சொல் சாதாரணமானதன்று. தந்தையை இழந்த பிள்ளையின் காணியைப் பார்த்துக்கொள்ளும் மாமன், தன் கடனை அடைக்க அதை விற்க ஊர் சம்மதிக்குமா? வங்குரோத்தான அரசு நாட்டின் மணலையும் மலையையும் அவசர அவசரமாக விற்பதும் அதே காரியந்தான். அது போலவே, காணியிலிருந்து நட்டம் வருகின்றது என்று சொல்லி, அதை உழுது வாழும் குடும்பத்தை நடுத்தெருவில் விடவும் காப்பாளனுக்கு உரிமையில்லை.

இதற்கு நேர்மையான ஓர் எதிர்வாதம் உண்டு. “நட்டத்தை ஈடுசெய்யும் திறைசேரிப் பணம் யாருடையது? கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளியும், மண்ணெண்ணெய்க்குக் கடன்படும் மீனவனும் பருப்பும் சீனியும் வாங்கும்போது செலுத்தும் வரிதானே? ஓர் ஏழையின் வேலையைக் காக்க இன்னோர் ஏழையின் சோற்றிற் கைவைப்பதா?” இதனை நாம் எள்ளி ஒதுக்க முடியாது. தாதுவே தீர்ந்த குழியில் ஆண்டாண்டாகப் பொதுப்பணத்தைக் கொட்டுவது சோசலிசமாகாது. மூடவேண்டிய சுரங்கம் மூடப்படத்தான் வேண்டும். ஆனால் மூடுவதற்கான செலவை அந்தச் சுரங்கமே கொடுத்திருக்க வேண்டும். வளமிருந்த ஒவ்வோர் ஆண்டிலும், ஒவ்வொரு தொன்னிலும், நிலத்தைச் சீராக்கவும் தொழிலாளிக்கு ஓய்வூதியமும் மருத்துவமும் அளிக்கவும் ஒரு பங்கை எவருந் தொடமுடியாத நிதியாக ஒதுக்கியிருந்தால், இரண்டு ஏழைகள் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு கேள்வியை நமது மாவட்டத்தில் வாழ்வோர் தவிர்க்க முடியாது. அரசு என்ற சொல் எல்லோர் காதிலும் ஒரே விதமாக ஒலிப்பதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இக்கரையிற் போர்க்காலம் முழுவதும் மக்கள் இடம்பெயர்ந்தனர்; காணி இழந்தனர்; கடலுக்குப் போகத் தடைபட்டனர். 1997 செப்டெம்பரிற் புல்மோட்டையில் மணல் ஏற்ற வந்திருந்த கோர்டியாலிற்றி என்னும் கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்குள்ளாகி உயிர்கள் பலியாயின. ஏற்றுமதி நெடுங்காலம் முடங்கியது. அத்தகைய ஆண்டுகளில் ஒரு தொழில் நட்டமடைந்தால், அது தொழிலாளியின் குற்றமா, கரையோரத்தவரின் குற்றமா? கொழும்பிலிருந்து ஆணையிடும் அரசை, தம்மைக் காக்கும் காப்பாளன் என்று இம்மக்கள் நம்பவேண்டுமென்றால், கணக்கேடு அவர்கள் முன் திறந்து வைக்கப்பட வேண்டும்; அவர்கள் மொழிகளில் எழுதப்பட வேண்டும்; நிர்வாகத்தில் அவர்களும் அமரவேண்டும். மக்கள் பார்க்கமுடியாத பொதுவுடைமை, பொதுவுடைமை என்னும் பெயருக்குத் தகுதியற்றது.

ஆகவே, கடன்பட்ட சுரங்கத்தின் எதிர்காலத்தில் அரசு தலையிட வேண்டுமா என்ற கேள்விக்கு நமது விடை: வேண்டும். ஆனால் கடைசி நாளில் அல்ல, முதல் நாளிலிருந்தே. நட்டத்தைப் பொதுவாக்குவதற்கு முன்னர் இலாபம் எங்கே போயிற்று என்று விசாரிக்க வேண்டும். கடன் தீர்க்கும் வரிசையில் தொழிலாளியையும் நிலத்தையும் வங்கிக்கு முன்னே நிறுத்தவேண்டும். மீண்டும் நடத்தத்தக்க சுரங்கமாயின், அதனை நடத்தும் உரிமையை அங்கே உழைத்தவர்களின் கூட்டுறவுக்கு முதலிற் கொடுத்துப் பார்க்கவேண்டும். நடத்தத்தகாததாயின், கதவை மூடுமுன் அடுத்த வேலையின் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

புல்மோட்டையின் மணலுக்கு ஒரு விசேடம் உண்டு. வாடைக் காலத்து அலைகள் கருமணலை ஓரளவுக்கு மீண்டும் கரையிற் கொண்டுவந்து சேர்க்கின்றன. மற்றைய சுரங்கங்களுக்குக் கிட்டாத பேறு அது. அந்த மணலிலுள்ள இல்மனைற்றிலிருந்து உலகம் வெள்ளை நிறமி செய்கின்றது; நாமோ மணலை மணலாகவே கப்பலேற்றிவிட்டு, நமது பாடசாலைச் சுவர்களுக்குப் பூசும் வெள்ளை வண்ணத்தின் நிறமியை வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றோம். அச்சுவர்களுக்குள் இருந்து கற்பிப்போரும் கற்போரும் இந்தக் கணக்கை ஒருமுறையேனும் கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும்: எடுத்தது எவ்வளவு, பெற்றவர் யார், மூடும் நாளுக்காக ஒதுக்கியது எவ்வளவு? கோலாரின் தொழிலாளர் பரம்பரைக்கு அதை எழுதிப் பார்க்க ஒருவரும் இடங் கொடுக்கவில்லை. நமக்கு இன்னும் காலம் இருக்கின்றது.